விளையாட்டுப் பொருட்கள் பிரிவில் ஒரு கணுக்கால் எலும்பு

என் தம்பி சத்வகாஸ் சிறைக்குப் போன மூன்றாவது குளிர்காலத்தில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தணிக்கை முத்திரை பாதித் தாளை மறைத்திருந்தது. மீதித் தாளில் ஒரே வரி: "அண்ணா, இந்த வருஷமாவது என் பங்கை எடுத்து வைத்திருக்கிறீர்களா?"

எங்கள் பக்கத்தில் டிசம்பரில் ஆடு அறுத்து, உப்புத் தடவி, குளிர் அறையில் தொங்கவிடுவோம். அப்போதே யார் யாருக்கு எந்த எலும்பு என்று முடிவாகிவிடும். இடுப்பெலும்பு குடும்பத்தில் மூத்தவனுக்கு. நெஞ்செலும்பு மருமகனுக்கு. கணுக்கால் எலும்போடு சேர்ந்த கீழ்க்கால் தம்பிக்கு. அவன் ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும், வசந்தத்தில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்குள் அவன் பங்கு அவனைச் சேர வேண்டும். சேராவிட்டால் அவன் எங்களில் ஒருவன் இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

சத்வகாஸுக்கு இரண்டு குளிர்காலமாகப் பங்கு போகவில்லை. காரணம் நான்தான்.

அவன் தானியக் கிடங்கில் பொறுப்பாளனாக இருந்தான். வராத மூன்று வேகன் கோதுமையை வந்ததாகக் கையெழுத்துப் போட்டான். போடச் சொன்ன கிடங்கு இயக்குநர் இப்போது தலைநகரத்தில் பெரிய நாற்காலியில் இருக்கிறார். நீதிமன்றத்தில், "சரக்கைப் பார்த்தாயா?" என்று கேட்டார்கள். "இல்லை. வரும் என்றார்கள்" என்றான். அந்த ஆண்டு எங்கள் அப்பாவின் நினைவு விருந்தில், அறுபது பேர் உட்கார்ந்திருந்த விரிப்பின் முன்னால் நான் எழுந்து நின்று சொன்னேன்: "பார்க்காம கையெழுத்துப் போட்டவன்தான் திருடன். இனி அவன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது."

யாரும் எடுக்கவில்லை. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் மாவட்டக் கால்நடை ஆய்வாளராக இருந்தவன். சந்தைக்கு வரும் ஒவ்வொரு தொடையிலும் நீல முத்திரை குத்தியது இந்தக் கை. முத்திரை இல்லாத இறைச்சியைக் கொண்டுவந்த என் மாமனாரையே திருப்பி அனுப்பினேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி கம்ஷாத் குளிர் அறைக்குப் போனாள். ஒரு கீழ்க்காலை எடுத்துவந்து என் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு வருஷமும் எடுத்துத்தான் வெச்சேன். வசந்தத்துல அழுதுக்கிட்டே சமைச்சு பேரப்புள்ளைங்களுக்குப் போட்டேன். உன் கழுத்து வளையாதுன்னு ஊருக்கே தெரியும் கெழவா. முட்டியாவது வளையுதா பாரு. எடுத்துக்கிட்டுப் போய்க் குடு."

நான் கோட்டைப் போட்டுக்கொண்டேன். ஓய்வுபெற்றபோது அரசாங்கம் தந்த பதக்கத்தையும் குத்திக்கொண்டேன்.

*

சிறைக் காலனி எங்கள் ஊரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். பொட்டல் வெளியில் பனிக்காற்று டாக்ஸியை இரண்டு முறை சாலையை விட்டுத் தள்ளியது. போய்ச் சேர்ந்தால், உறவினர்கள் பொருள் கொடுக்கும் ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். என் பதக்கத்தைப் பார்த்த காவலாளி என்னை மேஜர் தஸ்தெமிரோவிடம் அழைத்துப் போனான்.

மேஜர் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தார். "வாங்க அக்சகால், வாங்க" என்றார். அதன் பொருள் வெண்தாடிக்காரர் என்பது. எனக்குத் தாடி கிடையாது. எங்கள் நாட்டில் எழுபது தாண்டியவனிடம் எதையாவது மறுக்கப் போகும்போது முதலில் இந்தச் சொல்லைத்தான் பரிமாறுவார்கள்.

"பழைய காலம் மாதிரி இல்ல அக்சகால். இப்ப எங்ககிட்ட கைதின்னு ஒருத்தர்கூட கிடையாது. எல்லாரும் வாடிக்கையாளருங்க. கைதிகளை மரியாதையா நடத்தணும்னு மேலிடத்துலேருந்து ஆணை வந்துச்சு. மறுநாளே பேரை மாத்திட்டோம்."

"ஜன்னலை ஏன் மூடினீங்க?"

"ஜன்னல்ல லஞ்சம் வாங்கறாங்கன்னு புகார். விசாரிச்சோம். உண்மைதான். ஒரு நாள்கூட தாமதிக்கல, உடனே நடவடிக்கை எடுத்தோம்."

"யார் மேல?"

"ஜன்னல் மேல."

"வாங்கினவங்க?"

"அவங்கதான் இப்ப இணையத்துல பொருள் அனுப்புறது எப்படின்னு பயிற்சி குடுக்கறாங்க. அனுபவம் இருக்கில்ல?" மேஜர் தேநீர் ஊற்றினார். "இனிமே சொந்தக்காரங்க எதையும் கையில குடுக்க முடியாது. அங்கீகாரம் வாங்கின இணைய விற்பனையாளர்தான் அனுப்பலாம். 'உறவுப் பாலம்'னு தளம் இருக்கு. உறவுக்காரங்க நடுவுல வராததால உறவு ரொம்ப வலுவாயிருக்கு."

"தம்பியை நேர்ல பார்க்கலாமா?"

"பார்க்கலாமே! வியாழக்கிழமை, திரையில, பத்து நிமிஷம். ஆனா திரை வழியா இறைச்சி குடுக்க முடியாது. அதுக்கும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம்."

நான் கீழ்க்காலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

*

தளம் என் கைப்பேசியில் திறந்தது. இறைச்சிப் பிரிவில் பதினோரு பொருட்கள். பதினொன்றும் எலும்பு நீக்கியவை. கீழே சிவப்பு எழுத்தில்: "எலும்பு ஒரு குத்தும் பொருள்."

எலும்பில்லாத இறைச்சியை எங்கள் ஊரில் வழிப்போக்கனுக்குக் கொடுப்போம், அதுவும் பசிக்காக. அதில் முறை எதுவும் இல்லை. அதனால் முதலில் தளத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு கிலோ சர்க்கரை மட்டும் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பகலில் ஓர் இளைஞன் தொலைபேசியில் அழைத்தான்.

"சத்வகாஸுக்கு பார்சல் கொண்டுவந்திருக்கேன். வீட்டுல ஆள் இருக்காரா இல்லையா? அரை மணி நேரமா கதவைத் தட்டறேன், தொறக்க மாட்டேங்கறாங்க."

"அது சிறைக் கதவு தம்பி."

"எனக்கு அதெல்லாம் தெரியாது ஐயா. வாடிக்கையாளர் வெளிய வந்து அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கணும். கொஞ்சம் ஃபோன் பண்ணி வரச் சொல்லுங்க."

"அவன் வெளிய வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நான் அஞ்சு மணி வரைக்கும்தான் நிப்பேன்" என்றான்.

ஐந்து மணிக்கு எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. மூன்று நாட்களுக்குள் அவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளாவிட்டால் பொருள் திருப்பி அனுப்பப்படும்." திரும்பியது. சர்க்கரைப் பொட்டலத்தின் ஒரு மூலை திறந்து, கிலோவில் பாதிதான் இருந்தது. பெட்டியின் மேல் "முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை. நீல முத்திரை. அதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

உறவுப் பாலத்தின் அலுவலகம் சிறை வாசலுக்கு நேர் எதிரே, நூறு அடி தூரத்தில் இருந்தது. முன்பு அது உறவினர்கள் காத்திருக்கும் கூடமாக இருந்தது. இங்கே வாங்கப்படும் பொருள் நானூறு கிலோமீட்டர் தள்ளி உள்ள நகரத்துக்குப் போய், வகை பிரிக்கப்பட்டு, திரும்பி வந்து சாலையைக் கடந்து உள்ளே போகும். ஏன் நேராகச் சாலையைக் கடக்கக் கூடாது என்று மேலாளர் தீனா மராத்தோவ்னாவிடம் கேட்டேன்.

"அப்படிக் கடந்தா அது இணைய வணிகம் ஆகாது அக்சகால். பக்கத்து வீட்டுக்காரங்க குடுக்கற மாதிரி ஆயிடும்." அவர் அன்பானவர். தேநீரோடு பிஸ்கட்டும் வைத்தார். "நீங்க சொல்ற பொருளை எந்த விற்பனையாளரும் விக்கறதில்ல. ஆனா கவலைப்படாதீங்க, நீங்களே விற்பனையாளர் ஆயிடுங்க! அண்ணன் தம்பிக்குக் குடுத்தா அது முறைகேடு. விற்பனையாளர் வாடிக்கையாளருக்கு அனுப்பினா அது சேவை."

"எலும்பு?"

"பாருங்க, ஒரே பொருளா பார்த்தா அது தடை. ரெண்டா பார்த்தா ரெண்டும் அனுமதி." அவர் கண்கள் மின்னின. "இறைச்சியை எலும்பிலேருந்து எடுத்துடுங்க, உணவுப் பிரிவுல போகும். கணுக்கால் எலும்பைச் சுத்தம் பண்ணிடுங்க. அது நம்ம பசங்க உருட்டி விளையாடறதுதானே? தேசிய விளையாட்டு! விளையாட்டுப் பொருட்கள் பிரிவுல போகும். ஆனா ஒத்தையா அனுப்ப முடியாது, பத்து உருப்படி சேர்ந்தாதான் ஒரு செட்."

எங்கள் வீட்டில் யாருக்கும் வெறும் எலும்பைப் போட்டதில்லை, நாயைத் தவிர. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. எழுபத்தோரு வயதில், காத்திருப்போர் கூடத்தில் உட்கார்ந்து, நான் விற்பனையாளராகப் பதிவு செய்துகொண்டேன்.

கடைக்குப் பெயர் கேட்டது தளம். என் அப்பாவின் பெயரைக் கடைப் பலகையில் ஏற்ற மாட்டேன் என்றதால் தளமே "கடை 4471" என்று வைத்தது. "இந்தப் பொருள் வாடிக்கையாளருக்கு என்ன மகிழ்ச்சி தரும்?" என்று கேட்டது. "அவன் என் தம்பி" என்று எழுதினேன். "பதில் குறைந்தது நூறு எழுத்துகள் இருக்க வேண்டும்" என்றது. மறுபடி அதையே எட்டு முறை எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

கடைசியாக ஒரு தாள் இருந்தது. அதை மட்டும் கையால் கையெழுத்திட வேண்டும். "மேற்கண்ட பொருள் முழு எடையில் வாடிக்கையாளரின் கையில் சேர்ந்தது என்று விற்பனையாளராகிய நான் உறுதி கூறுகிறேன்."

"இன்னும் அனுப்பவே இல்லையே?"

"இந்தத் தாள் இல்லாம வாசல்ல எடுத்துக்க மாட்டாங்க அக்சகால். வாடிக்கையாளர் வெளிய வர முடியாதில்ல, அதுக்காக செஞ்ச சீர்திருத்தம். எல்லாரும் போடறாங்க." பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "சேரும். கவலைப்படாதீங்க."

நவ்ரூஸுக்குப் பதினேழு நாட்கள் இருந்தன. நான் போட்டேன்.

*

கம்ஷாத் இறைச்சியைக் கழற்றி உணவுப் பெட்டியில் அடைத்தாள். ஒன்றரைக் கிலோ. எங்கள் எலும்பு ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் மிட்டாய் கொடுத்து வாங்கிய எலும்புகள் ஒன்பது. அவர்கள் விளையாடி விளையாடி வழுவழுப்பாக்கியவை. எங்களுடையதை அவள் முழுக்கச் சுரண்டவில்லை. பள்ளத்தில் ஒரு விரல்நக அளவு தசைநாரை விட்டுவைத்தாள்.

"சுத்தமா இருக்கணும்னு விதி" என்றேன்.

"விதியை நீ பாத்துக்க. பத்துல எது நம்மளுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

பெட்டிகள் சாலையின் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, நகரம் போய், மறுபக்கத்துக்கு வந்தன. அதற்குள் எனக்கு ஒரு தொல்லை ஆரம்பித்தது. தளத்தில் எலும்பு கிடைக்கும் ஒரே கடை என்னுடையது என்று எப்படியோ பரவிவிட்டது. மேற்கிலிருந்து, தெற்கிலிருந்து, சீன எல்லையிலிருந்தெல்லாம் செய்திகள். "எங்க அப்பாவுக்கு இடுப்பெலும்பு இருக்குமா?" "என் மருமகன் உள்ள இருக்கான், நெஞ்செலும்பு என்ன பேருல அனுப்புறீங்க?" ஒரு பெண் எழுதியிருந்தாள்: "பெரியவரே, எதுவும் வேண்டாம். நீங்க எப்படி அனுப்பினீங்கன்னு மட்டும் சொல்லுங்க." எல்லோருக்கும் நானே பதில் எழுதினேன். கணுக்காலைத் தவிர எந்த எலும்புக்கும் தளத்தில் வழியில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

பொருளைப் பெற்ற வாடிக்கையாளர் தளத்தில் கருத்து எழுத வேண்டும். அது கட்டாயம். நல்ல கருத்து எழுதுகிறவருக்கு முன்விடுதலையின்போது நன்னடத்தை மதிப்பெண். மற்றக் கடைகளின் கருத்துகளை எல்லாம் படித்துப் பார்த்தேன். ஒரு சொல் மாறாமல், ஐந்து நட்சத்திரத்தோடு: "பொருள் விளக்கத்துடன் பொருந்துகிறது. நிர்வாகத்துக்கு நன்றி." நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நவ்ரூஸுக்கு முதல் நாள் கடை 4471-க்கு ஒரு கருத்து வந்தது. ஐந்து நட்சத்திரம். கம்ஷாத்துக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. நான் உரக்கப் படித்தேன்.

"பத்து எலும்பு வந்தது. இறைச்சி வரவில்லை. ஒரு எலும்பில் மட்டும் கொஞ்சம் நார் இருந்தது. அதை மென்றேன். என் பங்கு வந்து சேர்ந்தது அண்ணா."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழும் வழக்கமில்லை.

*

மூன்றாம் நாள் விசாரணைக் குழு கூடியது. மேஜர் தஸ்தெமிரோவும் தீனா மராத்தோவ்னாவும் மேசையின் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நான். முதலில் அவர்கள் தங்களுக்குள் கால் மணி நேரம் பேசினார்கள். நார் உணவா, விளையாட்டுப் பொருளா? மெல்லப்பட்டதால் உணவு என்பது மேஜரின் கட்சி. விளையாட்டு செட்டின் ஒரு பகுதியாக வந்ததால் விளையாட்டுப் பொருள், அதை வாடிக்கையாளர் சேதப்படுத்தியிருக்கிறார் என்பது தீனா மராத்தோவ்னாவின் கட்சி. அதைத் தள்ளிவைத்துவிட்டு மேஜர் என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

"சின்ன விஷயம் அக்சகால். ரெண்டு கட்டம்தான். இறைச்சி முழுசா சேர்ந்துச்சுன்னு உங்க கையெழுத்து இருக்கு. சேரலன்னு வாடிக்கையாளர் எழுதியிருக்கார். ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. வாடிக்கையாளர் பொய் சொன்னார்னா முதல் கட்டம். விற்பனையாளர் குறைச்சு அனுப்பினார்னா ரெண்டாவது கட்டம்."

"நடுவுல யாராவது எடுத்திருந்தா?"

"நடுவுல யாரும் இல்லையே" என்றார் மேஜர், உண்மையிலேயே வியந்து. "நடுவுல அமைப்புதான் இருக்கு."

"அதுக்கு ஒரு கட்டம் போடக் கூடாதா?"

"போட்டிருந்தோம்" என்றார் தீனா மராத்தோவ்னா. "எல்லாரும் அதையே குறிச்சாங்க. படிவம் கெட்டுப்போகுதுன்னு எடுத்துட்டோம்."

"முதல் கட்டத்தைக் குறிச்சா என்ன ஆகும்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க கௌரவத்துக்கு எந்தக் குறையும் வராது. வாடிக்கையாளருக்கு ஆறு மாசம் பார்சல் கிடையாது. இந்த வருஷக் கடைசியில அவரோட முன்விடுதலை மனு விசாரணைக்கு வருது. பொய்ப் புகார்னு பதிவானா அது நிக்காது. அவ்வளவுதான்."

"ரெண்டாவது?"

மேஜர் தேநீர்க் கோப்பையைத் திருப்பி வைத்தார். "சேராத சரக்கைச் சேர்ந்ததா கையெழுத்துப் போட்டது. அது குற்றப் பிரிவுக்குப் போகும். ஆனா உங்களை மாதிரி ஆளு எதுக்கு அக்சகால் அந்தப் பக்கம் பார்க்கறீங்க? பதக்கம் வாங்கினவர் நீங்க. அவரோ ஏற்கெனவே திருடர். யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

சொல்வார்கள். விரிப்பின் முன்னால் அறுபது பேர் கேட்டிருக்கிறார்கள், என் வாயால்.

பேனா அவர்களுடையது. சரியாக எழுதவில்லை, இரண்டாவது கட்டத்தில் மூன்று முறை அழுத்திக் குறிக்க வேண்டியிருந்தது.

"தப்பான கட்டத்துல போட்டுட்டீங்க" என்றார் தீனா மராத்தோவ்னா. "வேற படிவம் தரட்டுமா?"

"முப்பத்திரண்டு வருஷம் முத்திரை போட்டவன் நான். எங்க போடறேன்னு பார்த்துத்தான் போடுவேன்" என்றேன். சொன்ன பிறகுதான், ஒரே ஒருமுறை பார்க்காமல் போட்டதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

*

வழக்கு செப்டம்பரில் நடந்தது. அதே நீதிமன்றம், தம்பி நின்ற அதே கம்பிக் கூண்டு. ஊரிலிருந்து அறுபது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். நானே ஆள் அனுப்பி வரச் சொல்லியிருந்தேன். அப்பாவின் விருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் விடுபடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

நீதிபதி கேட்டார்: "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால சரக்கு சேர்ந்துச்சான்னு பார்த்தீங்களா?"

"இல்லை" என்றேன். "சேரும் என்றார்கள்."

பிறகு நீதிபதியிடம் அனுமதி கேட்காமலே நான் மக்கள் பக்கம் திரும்பி நின்றேன். "என் தம்பி சத்வகாஸ்" என்று உரக்கச் சொன்னேன். அவன் பெயரை மூன்று ஆண்டுகளில் அன்றுதான் முதல்முறையாக என் வாயால் சொன்னேன். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காவலர் என்னைத் திருப்பி நிறுத்தினார்.

பத்து மாதம். வயதைக் கருதிக் குறைத்திருப்பதாக நீதிபதி சொன்னார். எந்தக் காலனி என்பதிலும் சலுகை காட்டினார்கள்: வீட்டுக்குப் பக்கத்தில், தொண்ணூறு கிலோமீட்டரில் உள்ளது. குளிர்காலத்துக்கு ஆடு அறுக்க வேண்டும் என்று கேட்டேன். ஜனவரி முதல் வாரம் ஆஜராகலாம் என்றார்கள்.

உறவுப் பாலத்திலிருந்து ஒரு செய்தி வந்தது: "கடை 4471 மூடப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" இரண்டு நாள் கழித்து இன்னொன்று: "வாழ்த்துகள்! ஜனவரி முதல் நீங்கள் எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர்."

நேற்று ஆடு அறுத்தோம். உப்புத் தடவித் தொங்கவிட்டாயிற்று. சத்வகாஸின் முன்விடுதலை மனு ஏற்கப்பட்டுவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை வருகிறான். அவன் பங்கு வாசலுக்கு நேரே உள்ள கொக்கியில், முழுக் கீழ்க்காலாக, இறைச்சியும் எலும்புமாகத் தொங்குகிறது. அதற்கு அடுத்த கொக்கியில் கம்ஷாத் என் பங்கான இடுப்பெலும்பை மாட்டினாள்.

"கெழவா, கணுக்கால் எலும்பை விளையாட்டுன்னு சொல்லி அனுப்பினோம். இடுப்பெலும்பை வெச்சு ஊருல யாரும் எதுவும் வெளையாடறதில்லையே. இதை எந்தப் பேருல அனுப்புறது?"

"எனக்குத் தெரியாது" என்றேன். "சத்வகாஸ் வந்து கடை திறக்கட்டும். கையெழுத்துப் போடும்போது மட்டும் நீ பக்கத்தில் நில்லு."